ஏழாவது புலி

"இடது புருவத்துக்கு மேல ஒரு சின்ன மச்சம் வச்சிருங்க, டீச்சரம்மா."

வோல்சுன் தூரிகையைக் கீழே வைத்தாள். கையில் இருந்திருந்தால் அது கூ ஐயாவின் மூக்கில் ஏறியிருக்கும்.

"புலிக்கு ஏதுங்கய்யா புருவம்?"

இது ஏழாவது புலி. பட்டுக்குப் பசையும் படிகாரமும் பூசி, பின்பக்கம் நிறம் ஏற்றினால்தான் அது முன்பக்கம் பூப்போலக் கசியும். ஏறிய நிறம் இறங்காது. ஒரு திருத்தம் என்றால் ஒரு புதுப் பட்டு.

முதல் புலி ஒல்லியாம். அடுத்தது முறைக்கிறதாம். அப்புறம் மூக்குக்கண்ணாடி வேண்டுமாம், அதுவும் மூக்கு நுனியில். பூப்போட்ட போர்வை வேண்டுமாம். வாய் பிளந்து தூங்க வேண்டுமாம். போர்வைக்கு வெளியே ஒற்றைக் கால் நீள வேண்டுமாம், அதில் மட்டும் காலுறை கூடாதாம்!

புலி வருடம் பிறந்ததிலிருந்து கொரியாவின் ஜியோஞ்சு நகரமே புலி கேட்டது. வாங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள். இவர் நாற்பது நாளாக நடந்து வாசற்படியைப் பாதியாகத் தேய்த்துவிட்டார்.

இன்று மதியம் விருந்தில் மாட்டியாக வேண்டுமாம். கடையில் இனி ஒரு சாண் பட்டு கிடையாது.

நல்லவேளை, மனிதர் புலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

புலி என்று வரைந்தால் மேலே கிளையில் ஒரு வால்காக்கை கத்த வேண்டும், அதுதான் முறை. ஆத்திரத்தில் வோல்சுன் அதற்குக் கூ ஐயாவின் கட்டம்போட்ட தொப்பியை மாட்டி, அலகை அகலத் திறந்துவிட்டிருந்தாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு மச்சத்தை வைத்தாள்.

கதவு படாரென்று திறந்தது.

"ஏங்க, என் அறுபதுக்கு வச்ச கடற்பாசி சூப் ஆறிக்கிட்டிருக்கு, இங்க என்ன பண்றீங்க?"

வந்த அம்மாள் முக்காலி முனக உட்கார்ந்தாள். ஒரு செருப்பை உதறினாள். அந்தக் காலின் உறையையும் உருவிப் போட்டாள்.

அறுபது ஆண்டுக்கு முன்பும் புலி வருடம்தான் என்பது வோல்சுனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பார்வை மெல்ல அம்மாளின் இடது புருவத்துக்குப் போயிற்று.

அம்மாள் மூக்கு நுனிக் கண்ணாடி வழியே படத்தைப் பார்த்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அட, வாய மூடாத இந்தக் காக்கா அச்சு அசல் நீங்கதான்! கீழ குறட்டை விடுதே, அந்தப் புலி யாருங்க?"

நாற்பது நாளாக ஓயாத அந்த அலகு முதன்முறையாக மூடிக்கொண்டது.