குழாய்க்குள் சொன்ன பெயர்

கிராமபோன் வந்த புதிதில் ஒரு வழக்கம் இருந்தது. வாசித்து முடித்ததும், ஒலியைப் பதியும் குழாய்க்குள் பெயரைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் சீமையில் இசைத்தட்டின்மேல் பெயர் அச்சடிப்பார்கள். தரங்கம்பாடிக் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசித்த ஏசடியானுக்குத் தன் பெயரை ஒரு தடவை அச்சில் பார்த்துவிட ஆசை. வாசித்ததோ வெல்டருடைய இசை. வெல்டர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கண் அவிந்து செத்துப்போன ஜெர்மானியர். கல்லறையில்கூடப் பெயர் கிடையாது. கடைசி நேரத்தில் அது ஞாபகம் வந்து, மனசு கேட்காமல், ஏசடியான் குழாய்க்குள் “வெல்டர்” என்று சொல்லிவிட்டார்.

ஆறு மாதத்தில் “வாசித்தவர்: வெல்டர்” என்று தட்டு வந்தது. கூடவே கம்பெனிக் கடிதம்: வெல்டர் ஐயா இன்னொரு தட்டு வாசிக்க வேண்டும்.

“செத்துட்டாருன்னு எழுதிப்போடுங்க. பொய்யில்லையே,” என்றாள் மனைவி அருளம்மாள்.

“அவருக்கு உடம்புக்கு முடியவில்லை. பதிலுக்கு நான் வாசிக்கலாமா?” என்று எழுதித் தன் பெயரில் கையெழுத்துப் போட்டார் ஏசடியான்.

“மன்னிக்கவும். அவரைப்போல் உம்மால் வாசிக்க இயலாது,” என்று பதில் வந்தது.

அடுத்த மாதம், முதல் தட்டைப் பதிந்துபோன அதே கம்பெனிக்காரர் குழாயோடு கோயிலில் வந்திறங்கி, “தேறிட்டீங்களா வெல்டர் ஐயா?” என்று ஏசடியானிடம் கைகுலுக்கினார்.

“இந்தத் தடவையாவது நம்ம பேரைச் சொல்லுங்க,” என்று காதோரம் சொல்லிவிட்டு அருளம்மாள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஏசடியான் வாசித்து முடித்தார். குழாய்ப் பக்கம் குனிந்து தொண்டையைச் செருமினார். ஒலி பதிகிற மெழுகுத் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எந்தப் பெயர் வரப்போகிறதென்று கேட்க அருளம்மாள் எழுந்து நின்றாள்.