நோயில்லாதவர்களின் கணக்கு

தோப்பில் ஒரு மைனா இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கூடு கூடாகப் போய்த் தலைகளை எண்ணிவரும். வேப்பமரத்துக் கிளிக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"நல்லா இருக்கிறவங்களை எண்ணி எந்தச் சந்தையில விக்கப்போறே?"

"தலையை வெளியே நீட்டு" என்று மட்டும் சொல்லி, மைனா எண்ணிவிட்டுப் போகும்.

அந்தக் கோடையில் தோப்பில் காய்ச்சல் பரவியது. வைத்தியக் காகத்திடம் அன்றைக்கு ஒரு மரத்துக்குப் போதுமான நிலவேம்புதான் இருந்தது.

"ஆலமரத்துல பத்துப் பேர் படுத்துட்டாங்க. வேப்பமரத்துல கிளியோட சேர்த்து அஞ்சே பேர். ஆலமரத்துக்கே முதல்ல போறேன்" என்றது காகம்.

"நில்லுங்க வைத்தியரே" என்றது மைனா. "ஆலமரத்துல இருக்கிறது இருநூறு பேர். வேப்பமரத்துல மொத்தமே எட்டுப் பேர். நாளைக்குப் போனா அங்கே யாரும் மிச்சமிருக்க மாட்டாங்க."

காகம் வேப்பமரத்துக்குப் பறந்தது. ஆலமரத்துக்கு மறுநாள் மருந்து பறித்து வந்தது. வேப்பமரத்தில் ஒருவரைத் தவிர எல்லாரும் பிழைத்தார்கள்.

அடுத்த ஆண்டு மைனா வந்தபோது கிளி பொந்து வாசலிலேயே காத்திருந்தது. உள்ளே ஒரு முட்டை.

"இதையும் சேர்த்துக்கோ அக்கா."

"பொரிக்கட்டும், வர்றேன்" என்ற மைனா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு அடுத்த கூட்டுக்குப் போனது.