வாளேந்திய படம்

வெட்டிய தலையை மயிரோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றான் அவன். இன்னொரு கையில் வாள். நுனியில் ரத்தம் சொட்டியது. ஞானம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"படம்தாம்மா அது. சாமுராய், அந்தக் காலத்து ஜப்பான் போர்வீரன். மரக்கட்டையில செதுக்கி அச்சடிக்கிறது," என்று மகள் விமலா தோளைப் பிடித்தாள். "மழை குடைக்கு அடங்கலேன்னுதான் உள்ள கூட்டியாந்தேன். வாங்க, போயிடலாம்."

டண்டினொங் புறநகரிலிருந்து ரயிலேறி மெல்பர்ன் கடைத்தெருவுக்கு வந்தவர்கள். உள்ளே ஜப்பான் படக் கண்காட்சி என்று தெரிந்திருந்தால் ஞானம்மாள் நனைந்தே போயிருப்பாள்.

நாற்பத்திரண்டில் ஜப்பான் பட்டாளம் மலாயாவைப் பிடித்திருந்த நேரம். ரப்பர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் அவள் புருஷனை மண்டியிட வைத்து, ஆபீசர் ஒருவன் இப்படித்தான் வாளை வீசினான். தலை உருண்டு அவள் காலடியில் வந்து நின்றது. விமலா அப்போது வயிற்றில். முப்பத்துமூன்று வருஷமாகியும் அந்த வாள்வீச்சின் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை.

வெளியே போகத் திரும்பியவள் கண்ணில் அந்த ஆள் பட்டான். அறுபது வயதிருக்கும். அதே ஜப்பான்காரன் முகம், நல்ல கோட்டு. படத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானம்மாள் மகளின் கையை உதறிவிட்டு அவனெதிரே போய் நின்றாள்.

"எங்காளு தலைய எடுத்தும் ஒனக்கு ஆச தீரலையாடா?"

அவன் திடுக்கிட்டு, இல்லையென்று தலையாட்டினான். அதற்குள் அவள் கையிலிருந்த குடையின் பிடி அவன் நெற்றியில் இறங்கியது.

அடுத்த அடியில் புருவம் பிளந்து ரத்தம் கோட்டில் வழிந்தது. சுவரோடு சரிந்தவன் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. அவன் வாயிலும் முகத்திலும் மாறி மாறி அடித்தாள். குடைக்கம்பி வளைந்த பிறகும் விடவில்லை. விமலாவும் காவலாளியும் சேர்ந்துதான் அவளை இழுத்துப் பிடிக்க முடிந்தது.

காவலாளி போலீசுக்குப் போன் பண்ணப் போனான். அடிபட்டவன் வேண்டாமென்று கையமர்த்தினான். சுவரைப் பிடித்து எழுந்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஞானம்மாள் முன்னால் வந்து நின்றான்.

"நா மலாயாவுல ஈப்போ ஊரு சீனன்ம்மா," என்றான், சுத்தமான தோட்டத்துத் தமிழில். "எங்கப்பா தலையையும் அவனுங்கதான் வெட்டுனானுங்க."