பொத்தானுக்கு வந்த பொறாமை

ஒருத்திக்கு மட்டும் தலைவாரிப் பூ வைத்தால், பக்கத்தில் நிற்பவளுக்கு வயிறு எரியாதா, சொல்லுங்கள்? பஸ் டிக்கெட் செயலியின் திரையில் இருந்த ‘தேடு’ பொத்தானுக்கும் அப்படித்தான் எரிந்தது.

மூன்று நாளாக மென்பொருள் பொறியாளர் தில்லைநாயகி, செயலியை இயக்கும் வரிகளாக உள்ளே நீளமாகக் கிடந்த பழைய நிரலைச் சிக்கெடுத்து, சின்னச் சின்னதாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நிறம்கூட மாத்தலை. உனக்கு மட்டும் என்ன சீராட்டு?” என்று பொருமியது பொத்தான்.

“அடி போடி! என்கிட்ட ஒரு வரியை மாத்தினாலும், நீ முன்ன மாதிரியே பஸ்ஸைக் காட்டுறியான்னு உன்னைத்தானே அழுத்திப் பார்க்கிறா! இன்னிக்கு மட்டும் நாப்பது தடவை. இன்னும் ஒரு வரிதான், அதோட முடிஞ்சுது” என்றது நிரல்.

பொத்தானுக்குத் திக்கென்றது. குரலைத் தாழ்த்திக் கெஞ்சியது: “அக்கா, அந்தக் கடைசி வரி மட்டும் லேசுல சிக்கல் பிரியாம பாத்துக்கோயேன்!”