லோர்னா வர ஒரு நடைபாதை

மினசோட்டாவின் அந்தச் சிறு நகரமன்றக் கூடத்தில் பனி உருகிய கோட்டுகளின் ஈரவாடை நிறைந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு வரி போட்டு நடைபாதை கட்டுவதை எதிர்க்கத் தெருவையே திரட்டி வந்திருக்கிறார் வெர்லின். அவர் பேசுவதற்கு முன்பே எதிர்வீட்டு லோர்னா தன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு மைக்கிடம் போகிறாள். அது எட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்த நகரத் தலைவி, மண்டியிட்டு அதை அவள் வாயருகே பிடிக்கிறாள். "வெர்லின், நீங்க சுடுற கறி வாசனை ரோட்டத் தாண்டி வந்துடுது. என்னாலதான் தாண்ட முடியல. சரளைக்கல்லுல சக்கரம் புதைஞ்சிடுது. ஒரு நாள்கூட உங்க வாசலுக்கு வந்ததில்ல," என்று லோர்னா சிரிக்கிறாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. வெர்லின் மெல்ல எழுகிறார். "நான் பேச வந்தத விடுங்கம்மா. நடைபாதை போடுங்க." முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன. வசைக்குத் தயாராகித் திரும்புகிறார். தெரு முழுவதும் அவரோடு எழுந்து நிற்கிறது, நடைபாதைக்குக் கை உயர்த்தி.