புயலில் பிழைத்த பெட்டி

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றின் துறைமுகத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதைச் செய்தவள் பூங்கோதை. ஒரு கனசதுரம் போட்டு, பழைய பலகையின் போட்டோவை ஆறு பக்கமும் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அந்தப் போட்டோவில் ஒரு கீறல் இருந்தது.

பெட்டிக்கு அந்தக் கீறல்தான் எல்லாம். "புயல்ல பட்டதுண்ணே," என்று பக்கத்து விளக்குக் கம்பத்திடம் சொல்லும். "கப்பலே ரெண்டாப் போச்சு. அத்தனை சரக்குல நான் ஒருத்தன்தான் மிஞ்சினேன்."

"எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே இடத்துல பட்டிருக்கே, தம்பி?"

"புயல் சுத்திச் சுத்தி அடிச்சுதுண்ணே."

பூங்கோதை சாப்பிட்டுவிட்டு வந்தாள். துறைமுகம் வெறிச்சென்று இருந்தது. பெட்டியை நாற்பது நகல் எடுத்து வரிசையாக அடுக்கினாள். அடுக்கி முடிப்பதற்குள் நாற்பதும் புயல் கதையை ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொரு கதையிலும் ஒரே ஒரு பெட்டிதான் பிழைத்திருந்தது.

கம்பம் தன் வெளிச்சத்தை முதல் பெட்டியின் கீறல்மேல் அடித்தது.

பெட்டிக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. நகர முடியாதபடி பூங்கோதை அதைத் தரையோடு பூட்டி வைத்திருந்தாள். அதனால் உட்கார்ந்த இடத்திலேயே யோசித்தது.

மறுநாள் காலையில் துறைமுகத்தில் ஒரு சங்கம் உதயமாகிவிட்டது. பெயர், தன்னந்தனியாகப் பிழைத்தோர் சங்கம். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர்.

தலைவர் பதவிக்கும் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு விழுந்தது.