ஓரம் தேய்ந்த டயர்

டயர் கடைக்காரர் தம்புசாமி இரண்டு புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்து யுகேந்திரன் முன்னால் நிறுத்தினார்.

ஒன்று செமி ஸ்லிக். காய்ந்த தரையில் பேய்ப் பிடி பிடிக்கும், மழை வந்தால் கைவிட்டுவிடும். மற்றது கொஞ்சம் சுமார்தான், ஆனால் மழையிலும் வீடு வந்து சேரலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செப்பாங்கில் ட்ராக் டே. தினமும் வேலைக்கு ஓட்டிப்போகிற காரையே மாதத்தில் ஒரு நாள் பந்தயப் பாதைக்குக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டுகிற ஆள் யுகேந்திரன். டயர் என்று ஆரம்பித்தால் மனுஷன் அரை நாள் பேசுவான்.

இன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

காரணம், கடைக்குள் ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்திருந்த வெள்ளை மைவி. அது அவன் மனைவி வாணியுடைய கார்.

மூன்று வாரத்துக்கு முன்னால், கிள்ளானில் மழை கொட்டித் தீர்த்த ஒரு சாயங்காலம், மேரு ரோட்டில் அந்த மைவி வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, டிவைடரில் முட்டி நின்றது. பின் சீட்டில் மகள். நல்ல வேளை, இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்றோடு வாணி ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

இரண்டு தடவை பெயிலாகி, மூன்றாவது தடவை அழுதுகொண்டே பாஸாகி, முப்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கியவள். இப்போது பாலர்பள்ளி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். காரை விற்றுவிடச் சொல்லிவிட்டாள். வாங்குகிறவர் நாளைக்கு வருகிறார். அதற்குள் முன் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், அப்படியே யுகேந்திரன் காருக்கும் நாலு எடுத்துவிடலாம் என்றுதான் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

தம்புசாமி, கழற்றிய இடது முன் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நடுவில் கோடுகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. வெளி ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்து கிடந்தது.

"தம்பி, இது பாசாருக்குக் காய்கறி வாங்கப் போய்த் தேஞ்ச டயர் இல்ல லா. செப்பாங்ல வலது பக்கம் திரும்பித் திரும்பித் தேஞ்சது," என்றார், வாணிக்குக் கேட்காத குரலில்.

யுகேந்திரனுக்கு உடம்பே கூசியது.

அவனுடையதுதான். ட்ராக்குக்கு இனி ஆகாது என்று அவனே கழித்துக்கட்டியது. தூக்கி எறிய மனசு வரவில்லை. இரண்டு காருக்கும் ஒரே அளவு ரிம். இவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு இது போதாதா என்று மாட்டிவிட்டான். கிள்ளானில் நாலு மணி ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வரும் என்பது தெரியாதவனா? செப்பாங்கில் மழை வந்தால் என்ன செய்வது என்று தனக்கு மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், பாவி.

மூன்று வாரமாக வாணியிடம் சொல்லிவிடப் பார்க்கிறான். காலையில் அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தொண்டை வரைக்கும் வரும். கேட்டைச் சாத்துவதற்குள் இறங்கிவிடும். கார் கைமாறிப் போன பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? இப்போதே, இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

"வாணி" என்று கூப்பிட்டும்விட்டான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவள் எழுந்து வந்தாள். தம்புசாமி கையில் இருந்த டயரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"அந்த டயரைக் குறை சொல்லாதீங்கண்ணே. அது ரேஸ் டயர். மழைக்காலம், உனக்குத்தான் நல்லது வேணும்னு, இவரு தன் காடியிலேர்ந்து கழட்டி எனக்கு மாட்டிவிட்டாரு. அவ்ளோ நல்ல டயர் இருந்தும் வழுக்கவிட்டேன் பாருங்க. எனக்கெல்லாம் காடி ஓட்ட வராதுண்ணே."

யுகேந்திரன் அப்படித்தான் சொல்லியிருந்தான். அதை நம்பி, பாலர்பள்ளியில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தம்புசாமி டயரைக் கீழே வைத்துவிட்டு, அவன் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தார்.

யுகேந்திரனால் தலையைத் தூக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. வாணி கிட்டே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க டயரப் பாழாக்கிட்டேன்னுதானே வருத்தம்? மன்னிச்சிருங்க."

ஆமாம் என்று தலையாட்டினான்.